சாம்பிள் ரூமில் ஐந்து ஒயின் பாட்டில்கள்

நான் சர்ச்சுக்குப் போகிற பெண், ஆகவே எனக்கு ஒயின் தெரிந்திருக்கும் என்று எங்கள் முதலாளி முடிவு செய்துவிட்டார். அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் கம்பெனியில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"உங்க கோயில்லயே குடுக்கறாங்கல்ல கண்ணு. உனக்குத் தெரியாம இந்தத் திருப்பூர்ல வேற யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

கோயிலில் கொடுப்பது உதடு நனைகிற அளவு. அதைவிட்டால், அம்மா கிறிஸ்துமஸுக்கு முன்னால் கறுப்புத் திராட்சையையும் சர்க்கரையையும் பீங்கான் ஜாடியில் போட்டு, ஒரு பிடி கோதுமையும் இரண்டு கிராம்பும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பாள். சில வாரம் கழித்து வடிகட்டினால் பாகாக இனிக்கும். கேக்கோடு ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். என் ஒயின் படிப்பு அவ்வளவுதான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனை எடுத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. குழந்தைகளுக்கான பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒரு படத்தை அனுப்பியதிலிருந்து அது சட்டையாகிக் கப்பல் ஏறும் வரை இடையில் வரும் தலைவலி எல்லாம் மெர்ச்சண்டைசருடையது. எங்கள் பெரிய பையர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர் அம்மாள். அவருடைய ஆர்டர்களை நான்கு வருடமாக நான்தான் பார்த்துவந்தேன். ஆனால் அவருக்குப் போகும் மெயில்களின் கீழே முதலாளியின் அக்கா மகன் பெயர் இருக்கும். அவரைக் கம்பெனியில் சின்னவர் என்போம். கெட்டவர் இல்லை. காலையில் பத்தரைக்கு வந்து, நான் எழுதி வைத்த மெயிலைப் படிக்காமலே அனுப்பும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

அந்த அம்மாள் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். பகலில் சாம்பிள் ரூமில் நான் எடுத்துக் கொடுக்கும் உருப்படிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். நான் உதவிக்கு நிற்கும் பெண் என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த சீசனுக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்ற பேச்சு பகலில் நடக்காது; அது டின்னரில் நடக்கும். டின்னருக்குப் பெண் ஊழியர்கள் போகும் வழக்கம் இல்லை. ஆறு மணிக்குக் கம்பெனி வேன் எங்களை ஏற்றிப்போய் வேலம்பாளையத்தில் இறக்கிவிடும். மறுநாள் சின்னவர் வந்து, "பத்து நாள்ல குடுக்கறோம்னு சொல்லிட்டேனுங்க" என்பார். அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றவே பதினைந்து நாள் ஆகும். அவர் டின்னரில் கொடுத்த வாக்கோடு ஆறு மாதம் நான் மாரடிப்பேன். அந்த மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பதே அப்போது எனக்கிருந்த பெரிய ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதெல்லாம் பையர்கள் கோயம்புத்தூரில் தங்கி அங்கேயே சாப்பிடுவார்கள். நம் சரக்கை வாங்க வந்தவர்கள் சோற்றுக்கு இன்னோர் ஊருக்குப் போவதா என்று முதலாளிக்கும் அவர் கூட்டாளிக்கும் ரோஷம் வந்தது. அவிநாசி ரோட்டில் ஓர் ஓட்டல் கட்டி, மாடியில் ஸ்டேக் ஹவுஸ் என்று போர்டும் எழுதிவிட்டார்கள். ஸ்டேக் என்றால் முதலில் மாட்டுக்கறிதான் என்பது போர்டு ஏறிய பிறகே முதலாளிக்குத் தெரிந்தது. அவர் தோட்டத்தில் காங்கேயம் மாடுகள் நிற்கின்றன. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் தீட்ட வேறு ஆளை விடமாட்டார். "பேரு இருந்துட்டுப் போவட்டும். ஆடு, கோழி, மீனு போதும்," என்று தீர்ப்புச் சொன்னார். மாடில்லாத ஸ்டேக் ஹவுஸ் அப்படித்தான் பிறந்தது.

ஆனால் ஒயின் லிஸ்ட் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கோயம்புத்தூரில் அந்த அம்மாள் சாப்பாட்டு அட்டையை ஓரமாக வைத்துவிட்டு ஒயின் அட்டையை நெடுநேரம் படிப்பதை அவர் பார்த்திருக்கிறார். "அந்த அட்டையப் படிச்சுத்தான் நம்மள எடை போடுது அந்தம்மா," என்பது அவர் கணிப்பு.

ஒயின் சப்ளை செய்யும் ஏஜெண்ட் பன்னிரண்டு ரகங்கள் அடங்கிய லிஸ்ட் ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னுடையது. லிஸ்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு வரி வர்ணனை. படிக்கப் படிக்க வேடிக்கையாக இருந்தது. ஒன்றில் தோல் வாசம் வருமாம். இன்னொன்றில் புகையிலை. மூன்றாவதில் ஈரக் கல். காசு கொடுத்து ஈரக் கல்லை மோந்து பார்ப்பவர்கள் யார் என்று யோசித்தேன். பிறகு பின்வாசலுக்குப் போய், துவைக்கிற கல்லில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, குனிந்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது.

"ஏட்டி, கல்ல என்னத்துக்கு மோந்து பாக்கே?" என்றாள் அம்மா.

"ஆபீஸ் வேலைம்மா."

"பனியன் கம்பெனிதான அது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நியாயமான கேள்வி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏஜெண்ட் ரகத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாட்டில்களைச் சாம்பிள் ரூமிலேயே கொண்டுவந்து திறந்துவைத்தார். முதலாளி குலசாமிக்கு வாக்குக் கொடுத்தவர், ஒரு சொட்டு தொடமாட்டார். மோர் டம்ளரோடு எதிரில் உட்கார்ந்தார். சின்னவர் எதைக் குடித்தாலும் "சூப்பருங்க மாமா" என்றார். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு அதை இன்னும் உரக்கச் சொன்னார்.

எனக்கு முதல் வாயே அதிர்ச்சி. இனிப்பே இல்லை. நாவற்காயைக் கடித்ததுபோல நாக்கு சுருண்டுகொண்டது. கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். ஏஜெண்ட், "இல்லீங்க மேடம், இது இப்பிடித்தான் இருக்கோணும்," என்றார். சரி, தெரியாத ஊருக்கு வந்தாயிற்று, தெரிந்த வழியில் நடப்போம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது நிறம் பார்ப்பது. சாயம் ஏற்றிய துணியைப் பகல் வெளிச்சம், கடை விளக்கு, வீட்டு பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்க்க எங்களிடம் ஒரு விளக்குப் பெட்டி உண்டு. அதற்குள் வெள்ளைத் துணியை விரித்து, பன்னிரண்டு கிளாஸ்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சிவப்பு என்று நினைத்த ஒன்று பகல் வெளிச்சத்தில் செங்கல் நிறம் காட்டியது. இன்னொன்று ஓரத்தில் நீலம் பாய்ந்தது. பச்சைத் தண்ணீர் என்று நினைத்த வெள்ளை ஒயினில் வைக்கோல் நிறம் ஒளிந்திருந்தது. நேரம் போனதே தெரியவில்லை.

நிறத்துக்குப் பிறகு வாசம். அதன் பிறகுதான் வாய். ருசி பார்ப்பவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள் என்று இணையத்தில் படித்திருந்தேன். ஒவ்வொரு வாயையும் வாஷ்பேசினில் துப்பினேன்.

"குடிக்கறதுக்கு முன்னால பாதி நேரம் பாக்கற, குடிச்சுப்போட்டு துப்பற. இது என்ன பொழப்பு கண்ணு?" என்றார் முதலாளி. ஆனால் மோரை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

லிஸ்டின் ஓரத்தில் எனக்குப் புரிகிற பாஷையில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒன்று மெல்லிய பனியன் துணி. ஒன்று கனமான ஸ்வெட்டர். ஒன்றில் கிராம்பு இருந்தது, அம்மாவின் ஜாடி ஞாபகம் வந்தது. ஒன்றில் உண்மையாகவே தோல் வாசம் வந்தது, புதுச் செருப்பு டப்பாவைத் திறந்தால் வருமே, அது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுதியிருந்தது பொய் இல்லை! ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன். ஏஜெண்ட் மீதி பாட்டில்களைக் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அவர் போன பிறகுதான் முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். "செலக்ட் பண்ணுனத சீல் போட்டு வெச்சுரு."

எங்கள் தொழிலில் அதுதான் வேதம். பையர் ஒரு சாம்பிளை ஒத்துக்கொண்டால் அதில் அட்டை கட்டி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துப் பூட்டிவைப்போம். பிறகு தயாராகும் ஆயிரக்கணக்கான உருப்படிகளை அதோடு ஒத்துப் பார்ப்போம். ஒத்துவரவில்லையென்றால் சரக்கு ஃபெயில். சாம்பிளை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே முக்கால் பாகம் மிஞ்சியிருந்த ஐந்து பாட்டில்களையும் நாங்கள் தக்கையால் அடைத்து, நூல் சுற்றி, அட்டை கட்டினோம். அட்டையில் ரகம், தேதி, என் கையெழுத்து, அதன் கீழே முதலாளி கையெழுத்து. குழந்தைச் சட்டைகள் தொங்கும் சாம்பிள் ரேக்கில், மேல்தட்டில் வரிசையாக நிறுத்திவைத்தோம். பார்க்க வெகு ஒழுங்காக இருந்தது.

ஓட்டலுக்கு லைசென்ஸ் வர இரண்டு மாதம் ஆனது. நடுவில் சித்திரை வெயில் வந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் சாம்பிள் ரூம் கொதித்தது. பாட்டில்கள் அட்டையோடு நின்றுகொண்டிருந்தன.

அந்த அம்மாள் வந்த நாளில், பையரிடம் காட்ட வேண்டிய புது உருப்படிகளை எடுத்துக்கொண்டு மாலை ஐந்தரைக்கு ஓட்டலுக்குப் போனேன். அவர்கள் ஊரில் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடுவார்களாம், அதனால் டின்னரும் அந்த நேரத்துக்குத்தான். வேன் வாசலில் நின்றது. உருப்படிகளைக் கொடுத்துவிட்டு நான் அதில் ஏறிப் போக வேண்டும். தேர்ந்தெடுத்தது நானாக இருந்தாலும், அந்த ஒயினை அந்த அம்மாள் எப்படிக் குடிக்கிறார் என்று பார்க்கும் கொடுப்பினை எனக்கில்லை. கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டுப் பந்தியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவது போன்ற எரிச்சல் எனக்கு.

கீழ்த்தளத்துச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் சின்னவர் நின்றிருந்தார். மேஜையில் என் ஐந்து பாட்டில்கள், அட்டையோடு. பக்கத்தில் அன்று காலை வந்திறங்கிய புதுச் சரக்கு.

"ஒத்துப் பாத்தேனுங்க. ஒண்ணு கூட மேட்ச் ஆகல. அஞ்சும் ஃபெயில்," என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒரு சோதனையைக் கடைசி வரை செய்திருந்தார். "சரக்க ரிட்டர்ன் போடச் சொல்லிட்டேன். இன்னைக்கு ஒரு டேபிள்தானுங்களே. சீல்டு சாம்பிளையே ஊத்திக்கலாம்."

பேரரிடம் இரண்டு கிளாஸ் வாங்கினேன். ஒன்றில் புதியது, இன்னொன்றில் சாம்பிள். நிறத்திலேயே தெரிந்தது, சாம்பிள் பழுப்பேறிக் கிடந்தது. வாயில் வைத்ததும் துப்பினேன், இந்த முறை படித்ததற்காக அல்ல. புதியதில் அந்தப் புதுச் செருப்பு வாசம் அப்படியே இருந்தது.

"சரக்கு நல்லாருக்குங்க. சாம்பிள்தான் கெட்டுப்போச்சு."

சின்னவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாம்பிள் எப்பிடிங்க தப்பாகும்? சரக்குதானுங்க தப்பாகும்." நான்கு வருடமாக சாயம் ஏற்றும் டையிங்காரர்களிடம் நான் சொல்லிச் சொல்லி ஜெயித்த வாக்கியம் அது. அதையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

மாடியில் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. கூட்டாளி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன தாமதம் என்று பார்க்க முதலாளி அறைக்குள் வந்தார். சின்னவர் நடந்ததைச் சொன்னார். முதலாளி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அட்டையில இருக்கறதும் உன் கையெழுத்து. பேசறதும் நீ. எதைக் கண்ணு நம்பறது?"

தன் கையெழுத்தைத் தானே இல்லை என்று சொல்லும் மெர்ச்சண்டைசருக்கு டின்னர் நாற்காலி என்ன, பகல் நாற்காலியே நிலைக்காது. பேசாமல் வேனில் ஏறிப் போய்விடலாம். கெட்டதை ஊற்றினால் பழி ஏஜெண்ட் தலையில் விழும். ஆனால் அந்த அம்மாள் முதல் வாய் குடித்ததும் முகம் சுளிப்பதை நினைத்தேன். அது என் தேர்வு. அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

"என்னைய நம்புங்க சார். அட்டை போட்டப்ப அது நல்லா இருந்துச்சு. தெறந்து வெச்சா மாறும்னு நமக்குத் தெரியல. எங்கம்மா ஜாடியும் தெறந்தா ஒரு வாரம்தான் தாங்கும், சர்க்கரை போட்டே. அது எனக்கு அப்பவே தோணியிருக்கணும்."

"நான் வாயில வெக்க மாட்டேனே," என்றார் அவர். அது அவருடைய உண்மையான சங்கடம். சின்னவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாம்பிள் கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஒரு முறை. மறுபடியும்.

முதலாளி முதலாளியாவதற்கு முன் ஒரு சாயப்பட்டறையில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். சாயம் ஏறி முடிந்ததும் துணியில் இருக்கும் காரத்தை முறிக்க ஓர் அமிலம் ஊற்றுவார்கள். திருப்பூரில் சாயத் தொழிலில் இருந்த எவருக்கும் அந்த வாசம் மறக்காது.

"இது அசிட்டிக்குடா," என்றார் மெதுவாக, சின்னவரிடம். "கடைசித் தண்ணியில ஊத்துவமே, அதே வாசம்." புதிய கிளாஸை எடுத்து முகர்ந்தார். "இதுல அது இல்லீயே."

அட்டையை அவிழ்த்து மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் அவர் கையெழுத்தும் இருந்தது. பிறகு பேரரிடம், "அட்டை கட்டுனத எல்லாம் கீழ ஊத்து. புதுச கொண்டா," என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"எங்க போற?" என்றார் முதலாளி. "மேல பேரர் மொதல்ல கொஞ்சமா ஊத்திக் காட்டுவானாம். ஒருத்தர் குடிச்சுப் பாத்து சரின்னு சொல்லோணுமாம். நான் தொட மாட்டேன். இவன் அசிட்டிக்க ஊத்தச் சொன்னவன். வேற யாரு சொல்றது? வேன் போவட்டும். உங்கம்மாட்ட நான் பேசறேன்."

பேசவும் செய்தார். அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாள் என்று தெரியாது. இவர் "சரீங்க தாயி, சரீங்க, நானே கூட்டியாந்து உடறனுங்க," என்று வாசற்படியில் நின்றுகொண்டே நாலு முறை சொன்னார். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. காலையில் அவசரத்தில் உடுத்திய காட்டன் சுடிதார், துப்பட்டா ஓரத்தில் சாம்பிள் மார்க்கர் மை. அப்படியே மேலே போனேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் சாம்பிள் ரூம் பெண் எதையோ கொண்டுவந்திருக்கிறாள் என்று கையை நீட்டினார். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். பேரர் பாட்டிலோடு வழக்கப்படி முதலாளியிடம் போனார். முதலாளி தன் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் தலையசைத்தார்.

பேரர் எனக்கு இரண்டு விரல்கடை ஊற்றினார். கூட்டாளி பேச்சை நிறுத்தினார். சின்னவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக நான் அனுப்பும் ஒவ்வொரு துணிக்கும் அந்த அம்மாளின் ஒரு வரிப் பதிலுக்காகத் தூங்காமல் காத்திருந்திருக்கிறேன். இப்போது அவர் காலிக் கிளாஸோடு எனக்காகக் காத்திருந்தார். நான் அவசரப்படவில்லை. வெள்ளை நாப்கினைப் பிடித்து நிறம் பார்த்தேன். முகர்ந்தேன். ஒரு வாய் எடுத்தேன், மேஜை என்பதால் விழுங்கினேன்.

"சரிங்க, ஊத்துங்க," என்றேன் பேரரிடம்.

அந்த அம்மாள் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முதலாளியைத் தாண்டி, சின்னவரைத் தாண்டி, என்னைப் பார்த்து, அடுத்த குளிர்காலத்துக்கான கோடு போட்ட பிள்ளைச் சட்டைகளை எந்தத் தேதிக்குள் உண்மையாகவே அனுப்ப முடியும் என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கதோஷம், முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோழி ஸ்டேக்கைக் கத்தியால் அறுப்பதை விட்டுவிட்டுக் கையால் பிய்க்கத் தொடங்கியிருந்தார்.

"என்னைய எதுக்குப் பாக்கற கண்ணு?" என்றார். "உன்னையத்தான கேக்கறாங்க."